மோசல் சரிவில் ஒரு கவாத்து

ஜூன் மாதத்தில் திராட்சைக் கொடி இலை உதிர்க்குமா? உதிர்த்தது. ஜெர்மனியில் மோசல் ஆற்றின் இரு கரையிலும், நின்றால் கால் வழுக்கும் கற்சரிவுகளில், கம்புக்கு ஒன்றாகக் கட்டி வளர்த்த ரீஸ்லிங் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் ஒரே வாரத்தில் மொட்டையாகிப்போயின. பழுத்து உதிர்ந்திருந்தாலும் மனசு ஆறும். பச்சையாகவே உதிர்ந்தன. பூ முடிந்து மிளகளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்த நேரம். பிஞ்சும் இலையோடு போனது. மழை பெய்ததும் அத்தனையும் ஆற்றில் இறங்கி, சுற்றுலாப் படகுகள் நகர முடியாமல் நின்றன.

அந்த வாரம் முழுக்கப் பிரகாசி கண்ணை மூடவில்லை. எப்படி மூடுவாள்? அந்தக் கொடியை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவளே அவள்தானே.

அவளைப் பற்றி ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கு. அப்பாவுக்கு நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தல் கல்தூணில் தூளி கட்டித் தூங்கவைத்த பிள்ளை. கொடியை வெட்டிப் புதிதாகத் துளிர்க்கவிடும் கவாத்துக் காலத்தில் ஆட்களோடு நின்று இலை உருவிவிட்டு, கையில் பச்சைக் கறையோடு பள்ளிக்கூடம் போனவள். ஆனால் ஜெர்மனியில் யார் கேட்டாலும் "சென்னை" என்பாள். முதல் தடவை, விளக்கம் சொல்லச் சோம்பல்பட்டுச் சொன்னது. அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. தாத்தா பேராசிரியர், அப்பா பேராசிரியர் என்று வந்த ஆய்வாளர் கூட்டத்துக்கு நடுவே, எங்கப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வெட்கம்தான், வேறென்ன?

அவள் புருஷன் சூசைக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. அத்தை மகன். ஊரில் கொடி வளர்த்தவன். அவள் கூப்பிட்டாளே என்று வந்து, குக்கருக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் காவல் இருந்தான். வந்த புதிதில் ஒருநாள் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டே, "அப்பிடி என்னதான் கொடி அது?" என்று கேட்டான்.

"நம்ம ஊர்ல அடிச்சாம்பல் நோய் வந்தா என்ன செய்வீங்க மாமா?"

"மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சுப் போர்டோக் கலவை அடிப்போம்."

"அந்தப் போர்டோங்கிறது பிரான்ஸ்ல ஒரு ஊரு. ஒயினுக்குப் பேர்போன ஊரு. அங்க கண்டுபிடிச்ச மருந்துதான் அது."

"அட! இத்தன வருசமா வாளி வாளியாக் கலக்கியிருக்கேன். எவனோ கம்பெனிக்காரன் பேருன்னுல்ல நெனச்சேன்."

"இப்ப ஐரோப்பாவுல அதை அடிக்கவே கூடாது, சட்டம். அடிச்சு அடிச்சுத் தாமிரம் மண்ணுல ஊறி, ஆத்துல எறங்கி, மீனெல்லாம் செத்துப்போச்சு. மழையும் வெயிலும் தாறுமாறாகி நோய் மட்டும் கூடிக்கிட்டே போகுது. அதான் கொடியே தன்னைக் காப்பாத்திக்கிற மாதிரி செஞ்சோம். ஒரு இலையில நோய் விழுந்தா அந்தக் கொடி ஒரு வாசத்தை விடும். நமக்குத் தெரியாது, கொடிக்குத் தெரியும். பக்கத்துக் கொடி அதை மோந்ததும் தன் இலையைக் கசப்பாக்கிக்கும், தோலைக் கெட்டியாக்கிக்கும். அப்படியே அடுத்ததுக்கும் சொல்லிவிடும்."

"சாராயம் காச்சுற தெருவுல போலீஸ் நொழஞ்சா வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவாய்ங்கள்ல, அப்பிடி."

"அதேதான்." பிரகாசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாச் செடியும் லேசாப் பேசும். நாங்க அந்தக் குரலைப் பெருசாக்கினோம். ரீஸ்லிங்குல அது அருமையா வேலை செய்யுது. ஏன் தெரியுமா? ரீஸ்லிங் மொத்தமும் ஒரே செடி. அறுநூறு வருசத்துக்கு முன்னால முளைச்ச ஒரு கொடியை ஒடிச்சு ஒடிச்சு நட்டதுதான் இந்தப் பள்ளத்தாக்கு பூரா. ஒண்ணு பேசினா மத்ததுக்குத் தன் குரலே கேட்ட மாதிரி."

சூசை கரண்டியைத் தட்டி வைத்தான். "அப்ப ஒண்ணு செத்தா?"

"சாகாம இருக்கத்தானே மாமா இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்துகொண்டாள்.

மோசல் பள்ளத்தாக்கு முழுக்க அதற்கு மோப்பக் கொடி என்றே பேர். பழைய அடிமரத்தின் தலையை வெட்டி, அதில் புதுக்கொடியை ஒட்டுக்கட்டினார்கள். முதலில் சம்மதித்தவர் மத்தியாஸ். அறுபதைத் தாண்டியவர், ஒட்டுக்கட்டிய மறுவருஷமே பெண்டாட்டியை இழந்தவர். பிரகாசி வீட்டுக்குப் பின்னால் எழும் சரிவு அவருடையது. வீட்டில் சும்மா இருக்க முடியாத சூசை, அங்கே போய்க் களை பிடுங்கினான், கூடை சுமந்தான். மோசல்காரர்கள் கொடியை இருபுறமும் வளைத்து இதய வடிவத்தில் கம்போடு கட்டுவார்கள். அதையும் கற்றுக்கொண்டான். இவனுக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாம் கைஜாடைதான் என்று பிரகாசி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள்கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை.

இப்போது ஏற வேண்டி வந்தது. கம்புகளில் வாசத்தை அளக்கும் கருவிகள் உண்டு. உதிர்வு எங்கே தொடங்கியது என்று தேடிப்போனால், அவை காட்டிய இடம் மத்தியாஸின் மேல் வரிசை, கடைசிக் கொடி. மூச்சு வாங்க ஏறிப் போனவள் அந்தக் கொடிக்கு முன்னால் குனிந்து பார்த்தாள்.

கொடியில் ஓர் இலைகூட இல்லை. உதிர்ந்தது அல்ல, கையால் உருவியது. தண்டுகள் இரண்டு கணு விட்டு, சாய்வாக, வெட்டு வாயில் தண்ணீர் தங்காதபடி வெட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்தது மோசல்காரர்களின் வில்லோ மர நார் இல்லை. நீலக் கட்டம் போட்ட லுங்கியின் கிழிசல்.

சூசை கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மத்தியாஸ், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி.

"மாமா, இது நீங்க செஞ்சதா?"

"செத்துக்கிட்டு இருந்துச்சு புள்ள. இது இவரு சம்சாரம் தன் கையால ஒட்டுக்கட்டுன கொடியாம். இதுக்கு முன்னால நின்னு மனுசன் கண்ணக் கசக்குறாரு. கவாத்துப் போட்டு எலய உருவிவிட்டா ரெண்டு வாரத்துல துளுத்துருமே, நம்ம ஊர்ல செய்யாததா? ஒங்கிட்டயுங் கேட்டேனே."

"எங்கிட்டயா? எப்போ?"

"சாப்புடும்போது. கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே 'செய்யுங்க மாமா'ன்ன."

அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள். அவன் பேசும்போதெல்லாம் அவள் அப்படித்தான் எதையாவது சொல்லிவைப்பாள்.

"ஐயோ மாமா. இங்க குளிர்காலத்துல, கொடி தூங்கும்போதுதான் வெட்டுவாங்க. கோடையில நாலு இலையைக் கிள்ளுவாங்க, அவ்வளவுதான். முழிச்சிருக்கிற கொடியை மொத்தமா உருவிட்டீங்க. அது போட்ட கூச்சலை மத்த கொடியெல்லாம் நோய்னு எடுத்துக்கலை. சாவுன்னு எடுத்துக்கிச்சு. வேரையாவது காப்பாத்துவோம்னு இலையை உதறிடுச்சு. அது உதிர்ந்ததைப் பார்த்து அடுத்தது. அப்படியே ஆறு முடியுற வரைக்கும்."

"திரும்பத் துளுக்காதா?"

"துளிர்க்கப் பார்க்குது. ஒண்ணு துளிர்க்கும்போது இன்னொண்ணு கத்துது. உடனே அதுவும் உதிர்த்துடுது. இப்படியே வேர்ல இருக்கிற சத்தெல்லாம் தீர்ந்துடும்."

சூசை மத்தியாஸைப் பார்த்தான். மத்தியாஸ் தரையைப் பார்த்தார். அவள் சொன்ன தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை, சரிவு முழுக்கக் கண் முன்னால் கிடந்ததே.

கீழே இறங்கும்போது பிரகாசியின் மனசில் ஓடியது வேறு. கொடியை வெளியே விடுவதற்கு முன்னால் நடந்த கடைசிக் கூட்டம். என்னென்ன சோதித்தோம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு இளம் ஆய்வாளன் கேட்டான்: முழு இலையோடு நிற்கிற கொடியை யாராவது மொட்டையடித்தால்? எல்லோரும் சிரித்தார்கள். உலகத்தில் எவன் அப்படிச் செய்வான்? யாரோ அவள் பக்கம் திரும்பி, உங்கள் நாட்டில் திராட்சை உண்டா என்று கேட்டார்கள். "நான் சென்னை. எங்கள் ஊரில் திராட்சையைக் கடையில்தான் பார்த்திருக்கிறேன். அப்படி யாரும் செய்ய மாட்டார்கள்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

மொத்தப் பள்ளத்தாக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அதைத்தான் செய்கிற ஊரில் பிறந்தவள் சொன்ன வார்த்தை அது. பாவி.

மறுநாள் அவளுடைய மேலதிகாரி பெர்க் அறைக்குக் கூப்பிட்டார். காபி கொடுத்தார். அவர் காபி கொடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கொடியின் குறை என்று விசாரணைக் குழு சொன்னால் கம்பெனி அன்றைக்கே மூடல்" என்றார். "வருகிற குளிர்காலத்தில் பிரான்ஸில் பர்கண்டியின் பினோ நுவார், ஸ்பெயினில் ரியோஹாவின் டெம்ப்ரானியோ, இத்தாலியில் பியட்மாண்டின் நெபியோலோ. மூன்று திராட்சையிலும் நம் மோப்பக் கொடி ஒட்டுக்கட்டத் தயார். எல்லாம் நின்றுபோகும். உங்களையும் என்னையும் ஒரு நர்சரியில்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் விவரம் தெரியாத ஒருவர், உலகத்தில் யாருமே செய்யாத ஒன்றைச் செய்துவிட்டார் என்றால், அது விபத்து. யாரும் செய்ய மாட்டார்கள் என்று நீங்களே சொன்னதுதானே?"

"என் கணவருக்கு என்ன ஆகும்?"

"அதிகம் போனால் ஊருக்கு அனுப்புவார்கள். சிறையெல்லாம் இல்லை." பெர்க் அவளுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். "நீங்கள் விடுமுறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்."

"பினோ நுவாரில் இதே மாதிரி நடந்தால்?"

"மொட்டையடிக்காதீர்கள் என்று வழிமுறையில் ஒரு வரி சேர்ப்போம்."

ஒரு வரி! ஆலங்கட்டி மழை வழிமுறையைப் படித்துவிட்டா விழும்? காட்டுப்பன்றியும் வெட்டுக்கிளியும் படிக்குமா? இதையெல்லாம் அவள் கேட்டிருக்கலாம். காபியைக் குடித்து முடித்தாள்.

விசாரணை, திராட்சை விவசாயிகள் சங்கத்தின் கூடத்தில் நடந்தது. கொடி போன குடும்பங்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. குழுத் தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவியை முதலில் சூசைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது சென்னைத் தமிழையும் செய்தித் தமிழையும் கற்ற கருவி. கம்பத்துப் பேச்சைக் கேட்டதும் திணறி, சம்பந்தமில்லாமல் எதையோ உளறியது. "மனைவியே மொழிபெயர்க்கட்டுமே" என்றார் பெர்க். தலைவி கொஞ்சம் யோசித்தார். வேறு ஆள் இல்லாததால் சரி என்றார்.

"எதற்காக அந்தக் கொடியை வெட்டினீர்கள்?"

சூசை எழுந்து நின்றான். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டிருந்தான். "பொழைக்க வைக்கத்தான் வெட்டுனேன். எங்க ஊர்ல நோஞ்சான் கொடியக் கவாத்துப் போட்டுத்தான் எழுப்புவோம்" என்றான்.

பிரகாசி ஜெர்மனில் சொன்னாள்: "அந்தக் கொடி செத்துவிட்டது என்று நினைத்து வெட்டியிருக்கிறார். கொடி வளர்ப்பு பற்றி அவருக்கு அதிகம் தெரியாது."

முன்வரிசையில் இருந்த மத்தியாஸ் விருட்டென்று தலையைத் தூக்கினார். எழப்போகிறவர் மாதிரி நாற்காலியின் கையைப் பிடித்தார். சூசை அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். மத்தியாஸ் மறுபடி உட்கார்ந்தார். கிழவரைப் பார்க்க இவனுக்குச் சங்கடமாக இருக்கிறது போல என்று பிரகாசி நினைத்தாள்.

"இந்த முறையை எங்கே கற்றார்? உலகத்தில் வேறு எங்காவது இப்படிச் செய்கிறார்களா?"

அவள் கேள்வியைத் தமிழில் சொன்னாள். சூசை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"எங்க பள்ளத்தாக்குல எல்லாரும் செய்யிறதுதான். இவளுஞ் செஞ்சவதான். சின்னப்புள்ளையில எங்க மாமா தோட்டத்துல எனக்கு முன்னால இவ எல உருவுவா, அம்புட்டு வேகம். இந்தக் கொடிக்குச் செய்யலாமான்னு இவகிட்டதான் கேட்டேன். செய்யுங்கன்னா. அவமேல தப்பில்ல, வேல கெடக்குற மும்முரத்துல சொல்லிருப்பா." சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான். "இதத்தான் சொல்லணும். சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்."

கூடம் காத்திருந்தது. சொல்லிவிட்டால் சென்னைக்காரி என்ற பேர் போகும், வேலை போகும், பதினெட்டு வருஷத்து உழைப்பு போகும். ஆனால் பர்கண்டியின் கொடி பிழைக்கும், ரியோஹாவின் கொடி பிழைக்கும், புருஷன் பக்கத்தில் இருப்பான். எந்தத் தராசில் வைத்தாலும் எந்தப் பக்கம் இறங்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்தது.

"எங்கேயும் கற்கவில்லையாம்" என்றாள் ஜெர்மனில். குரல் பிசிறாமல் வந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். "தானாகத் தோன்றியதைச் செய்திருக்கிறார். வேறு எங்கும் இப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை."

தலைவி குறித்துக்கொண்டார். "கடைசியாக ஒன்று. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், தன் இஷ்டப்படி செய்தார் என்பதை அவர் ஒப்புக்கொள்கிறாரா?"

பிரகாசி சூசையின் பக்கம் திரும்பினாள். "கொடியை வெட்டினது நீங்கதானேன்னு கேக்குறாங்க மாமா."

சூசை அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். பந்தலுக்கு அடியில் காய்ச்சலில் கிடந்தவளைச் சின்ன வயசில் எட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி பார்த்தான்.

"ஆமான்னு சொல்லு" என்றான்.

முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. விபத்து. கொடியில் குறையில்லை. வழிமுறையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த நபர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பெர்க் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மத்தியாஸ் வந்து சூசையின் இரு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரிவை இழந்தவருக்கு என் மேல் கோபம் இருக்கத்தானே செய்யும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் ரயில் ஆற்றை ஒட்டியே போனது. ஜன்னலுக்கு வெளியே வெறும் கம்புகளாக நின்றன. கொடி கட்டிய இதய வடிவங்கள் மட்டும் இலையில்லாமல், துருப்பிடித்த கம்பி மாதிரி தெரிந்தன. ஊருக்குப் போனதும் அவனுக்கு ஒரு நல்ல வீடாகக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று பிரகாசி யோசித்தாள். என்ன யோசனை பாருங்கள்.

டிக்கெட் பார்க்கும் பெண் வந்தாள். பிரகாசி கைப்பையைத் திறப்பதற்குள் சூசை பேசினான்.

ஜெர்மனில் பேசினான். மோசல் கரைக் கொடிக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசுவார்களே, அச்சு அசல் அந்த ஜெர்மன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மத்தியாஸ் பேசுவதாகவே தோன்றும்.

"இவர் அடுத்த நிலையத்தில் இறங்குகிறார். நான் பிராங்பர்ட் விமான நிலையம் வரை போக வேண்டும். ஓர் ஆளுக்கு. போவதற்கு மட்டும் போதும்."

அந்தப் பெண் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்றாள். இந்த வருஷம் வந்து என்ன பிரயோஜனம் என்றான் சூசை. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனாள்.

பிரகாசி கைப்பையைத் திறக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் தான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் திரும்பி வந்து நின்றது. கொடி வளர்ப்பு பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. எங்கேயும் கற்கவில்லையாம். மத்தியாஸ் எழப்போனதும், இவன் தலையாட்டியதும், ஆமான்னு சொல்லு என்றதும்.

"எப்ப மாமா... எப்ப படிச்சீங்க?"

"ரெண்டு வருசமா. மத்தியாஸ்தான் சொல்லிக்குடுத்தாரு. வேல செய்ய செய்ய வாயில நொழஞ்சுருச்சு." சூசை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம கல்யாண நாளைக்கு ஒங்கூட ஜெர்மன்ல பேசி அசத்தணும்னு வச்சிருந்தேன். அடுத்த மாசந்தான்."

"மாமா, நான் வந்து..."

"பாஸ்போர்ட்டுச் சட்டப் பையில இருக்கு. இன்னைக்குக் கொண்டாரச் சொன்னாய்ங்கள்ல. துணிமணி கெடக்கட்டும், யாருக்காச்சும் குடுத்துரு."

ரயில் வேகம் குறைந்து நிலையத்துக்குள் நுழைந்தது. மேலே, வீட்டுக்குப் பின்னால், மத்தியாஸின் சரிவு மொட்டையாகத் தெரிந்தது. சூசை எழுந்து அவளுடைய குடையை எடுத்துக் கொடுத்தான்.

"எறங்கு புள்ள. ஒன் ஸ்டேஷன் வந்துருச்சு."

கதவு திறந்தது. அந்த நிலையத்தில் ரயில் கொஞ்ச நேரம் நிற்கும். கூடவே உட்கார்ந்திருக்கலாம். திரும்பிப் போய் அந்தத் தலைவியின் கதவைத் தட்டலாம். எல்லாவற்றையும் யோசிக்க நேரம் இருந்தது. மறுநாள் காலை பர்கண்டிக்காரர்களோடு கூட்டம் இருந்தது.

பிரகாசி குடையை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.